சாட்சி சொல்லாத மோட்டார்

“எங்கப்பா கொலைகாரரா இல்லையான்னு எனக்கு மத்தியான பஸ்ஸுக்குள்ள தெரிஞ்சாகணும் சார்.”

காலங்காத்தாலே இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் கையில் இருப்பது நழுவத்தான் செய்யும். ரேடியோவின் கையில் இருந்தது டைப்ரைட்டர் துடைக்கிற பிரஷ். அது நழுவி, மேஜைமேல் திறந்துவைத்திருந்த பெட்ரோல் பாட்டிலுக்குள் தலைகீழாக விழுந்தது.

ரேடியோ என்பது அவன் பெயரல்ல. வாயை மூடத் தெரியாது என்பதால் ஊர் வைத்தது. இரும்புக்கடை மாடியில் அக்காவின் கணவர் நடத்தும் துப்பறியும் நிலையத்தில் அவன்தான் உதவியாளன். அக்கா சொல்லிக் கிடைத்த வேலை. ஆகவே அக்கா சொல்லாமல் போகாத வேலை. அந்த அக்காவின் கணவரை எல்லோரும் நிதானம் என்பார்கள். வீடு தீப்பிடித்தாலும் செருப்பை ஜோடி பார்த்து மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார். ஓடிப்போன நாய்களையும் ஓடிப்போன கணவன்மார்களையும் தேடித்தருவதுதான் இருவருக்கும் பிழைப்பு. கொலை என்ற வார்த்தை அந்த மாடிப்படி ஏறி வருவது இதுவே முதல் தடவை.

வந்தவள் தையல்காரி. தோளில் கைக்குழந்தை தூங்கியது. காலடியில் துணி பிதுங்கும் ஒரு பயணப் பை.

“உட்காரும்மா,” என்றார் நிதானம். “முதல்லேர்ந்து சொல்லு.”

“எங்கப்பா படகுக்காரர். துறையிலேர்ந்து அக்கரைக்கு ஆள் ஏத்துறவர். எங்க வீட்டுக்காரர் முகத்துவாரத்துல படகுக்கு வழிகாட்டுற மிதவைக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவர். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. பாலம் வரப்போகுது, படகை வித்துடுங்கன்னு இவர் சொன்னார். படகைத் தொட்டா யாரா இருந்தாலும் அப்பா விடமாட்டார். ஒருநாள் துறையில எல்லார் முன்னாடியும் சண்டை. ‘நீ தண்ணியில விழுந்தாக்கூட நான் கை நீட்ட மாட்டேன்டா’ன்னு அப்பா கத்திட்டார்.”

அவள் நிறுத்தினாள். ரேடியோவுக்கு அடுத்தது என்ன என்று புரிந்துவிட்டது. புரிந்ததும் பிரஷ்ஷை வெளியே எடுக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

“மறுநாளே விழுந்துட்டார் சார். மிதவையில நின்னு பெயின்ட் அடிச்சப்போ கால் வழுக்கிடுச்சு. தண்ணி இழுக்குற நேரம். பக்கத்துல துறையில இருந்த ஒரே படகு அப்பாவோடது. அப்பா அதுல உட்கார்ந்து மோட்டார் கயிறை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கிட்டே இருந்தார். ஸ்டார்ட் ஆகலை. ஊரே நின்னு பார்த்துச்சு. அக்கரையிலேர்ந்து வேற படகு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“நீ எங்கே இருந்தே?”

“அக்கரை ஆஸ்பத்திரியில. அப்போ இவ வயித்துல. அன்னைக்குக் காலையில அப்பாதான் என்னைப் படகுல கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்பினார்.”

“அப்போ காலையில மோட்டார் ஓடியிருக்கு?”

“அதான் சார் ஊர் கேக்குது. காலையில ஓடுச்சு. சாயங்காலம் போலீஸ் அதைக் கழட்டி மெக்கானிக்கிட்ட கொண்டுபோனப்போ ஒரே இழுப்புல ஓடுச்சு. நடுவுல, எங்க வீட்டுக்காரர் கத்துனப்போ மட்டும் ஓடலையா? இழுக்குற மாதிரி நடிச்சார்ங்கறாங்க. போலீஸ் விபத்துன்னு மூடிடுச்சு. என்னால மூட முடியலை.”

“அப்பாகிட்ட கேட்டியா?”

“கேட்டேன். ‘மோட்டார் ஸ்டார்ட் ஆகலைம்மா’ன்னார். அவ்வளவுதான். ஆனா என் கண்ணைப் பார்த்து சொல்லலை.” குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். “அவர் நடிச்சிருந்தா இந்தக் குழந்தை இனிமே அவர் முகத்தைப் பார்க்காது. தெரிஞ்சவங்க ஊர்ல தையல் வேலை சொல்லி வெச்சிருக்காங்க, போயிடுவேன். நடிக்கலைன்னா இந்தப் பையைக் கொண்டுபோய் அவர் வீட்டுலயே இறக்கிடுவேன். எனக்கு ஒரு வார்த்தை போதும் சார். அவரா, மோட்டாரா?”

மதியம் வருவதாகச் சொல்லி எழுந்தாள். எழுந்த கையோடு, மேஜையில் கிடந்த மூடியை எடுத்துப் பெட்ரோல் பாட்டிலில் வைத்து நன்றாகத் திருகிவிட்டுப் படியிறங்கினாள்.

ரேடியோ மறுபடி பாட்டிலைத் திறக்கப் பார்த்தான். மூடி அசையவில்லை. கடைசியில் பல்லால் கடித்துத் திறந்தான். “தையல்காரி கையா, இடுக்கியா?” என்று முணுமுணுத்தான். வாய் முழுக்கப் பெட்ரோல் வாடை.

“வா மாப்ளே,” என்றார் நிதானம். “மோட்டாரை விசாரிப்போம்.”

* * *

மெக்கானிக் பட்டறை நடுவில் மரச்சட்டத்தில் தொங்கியது அந்த மோட்டார். விசிறிப் பக்கம் ஒரு தண்ணீர் டிரம்மில் முங்கியிருந்தது. சம்பவத்துக்குப் பிறகு படகுக்காரர் அதைத் திரும்ப எடுத்துப்போகவே இல்லையாம்.

“நீங்களும் இழுத்துப் பார்க்கணுமா?” என்றார் மெக்கானிக் சலிப்போடு. “இந்த ஊர்ல இதை இழுக்காத கை கிடையாது. கறிகாய் வாங்க வர்றவங்ககூட உள்ள வந்து ஒரு இழு இழுத்துட்டு, ‘ஆமாய்யா, நடிப்புதான்’னு சொல்லிட்டுப் போறாங்க.”

ரேடியோ கயிற்றைப் பிடித்தான். உடற்பயிற்சியும் அவனும் பரம விரோதிகள். ஸ்டார்ட் ஆகக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே, பேருக்கு ஒரு சுண்டு சுண்டினான்.

மோட்டார் உறுமியது. டிரம் தண்ணீர் கொந்தளித்தது.

“துரோகி,” என்றான் ரேடியோ மோட்டாரைப் பார்த்து.

அணைத்தார்கள். சூடாக இருக்கும்போதே நிதானம் இழுத்தார். ஓடியது. ஆறவைத்து இழுத்தார்கள். ஓடியது. அந்த மனிதருக்காக ஒரே ஒரு தடவை படுத்துவிடக்கூடாதா என்று ரேடியோவுக்குத் தோன்றியது. ஓடாத வண்டியை ஓட்டத்தான் உலகத்தில் வழி உண்டு. ஓடுகிற ஒன்றை, அது அன்றைக்கு ஓடவில்லை என்று எப்படி நிரூபிப்பது?

“எல்லாம் பார்த்துட்டேன் சார்,” என்றார் மெக்கானிக். “பிளக் மாத்திப் பார்த்தேன். கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினேன். ஆள் விழுந்தா மோட்டாரை நிறுத்துமே, அந்த சிவப்புக் கயிறோட கிளிப், அதுவும் சரி. அப்பப்போ வர்ற கோளாறுதான் உசிரை வாங்கும். நான் ஸ்பேனரை எடுத்தா ஒழுங்கா ஓடும், கீழே வெச்சா படுத்துக்கும். ஆனா இது படுக்கவே இல்ல. எனக்கும் அவர் பழக்கம்தான். பொய் சொல்லி அவரைக் காப்பாத்தலாம்னுகூட நினைச்சேன். இதோ, இது காப்பாத்த விடலை.”

நிதானம் மோட்டாரிலிருந்து கிளம்பும் பெட்ரோல் குழாயை விரலால் தொட்டுக்கொண்டே போனார். குழாய் ஒரு நீல டேங்க்கில் போய் முடிந்தது.

“இது அவர் டேங்க்கா?”

“என்னோடது. பட்டறையில டெஸ்ட் பண்ண வெச்சிருக்கேன்.”

“குழாய்?”

“அதுவும் என்னோடது.”

“அவரோடது எங்கே?”

“படகுலயே கிடக்கும். மோட்டாரைத்தானே சார் கொண்டுவந்தாங்க.”

நிதானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். “நோயாளியைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அவன் என்ன சாப்பிட்டான்னு யாரும் பார்க்கலை. மாப்ளே, ஒரு கைவண்டி பாரு.”

“வண்டியை யார் தள்றது அத்தான்?”

“வாய்க்கு மட்டும் வேலை குடுத்தா உடம்பு கோவிச்சுக்கும்.”

* * *

துறையில் கயிறு பிடிக்கிறவர் ஒரு இரும்புத் தூணில் சாய்ந்திருந்தார். வரும் படகு எறியும் கயிற்றைப் பிடித்துக் கட்டுவதும், போகும் படகை அவிழ்த்துவிடுவதும் அவர் தொழில். ஊர்க்கதை முழுக்க அவர் வழியாகத்தான் கரையேறும்.

“அதுக்கு முன்னாடி எப்பவாவது அந்த மோட்டார் படுத்திருக்கா?” என்று கேட்டார் நிதானம்.

“அதுக்கு முன்னாடி கொஞ்ச காலமா படுத்துச்சு சார். எப்பவும் இல்ல. அவர் பொண்ணை ஏத்தினா மட்டும்.”

ரேடியோ சிரித்துவிட்டான். “ஏன், மோட்டாருக்குப் பொண்ணு மேல கோபமா?”

“நாங்களும் அப்படித்தான் கிண்டல் பண்ணுவோம். பொண்ணை அக்கரையில ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிட்டுட்டு வருவார். இங்க வந்து நிறுத்துவார். அடுத்த சவாரிக்கு இழுத்தா வராது. ஒவ்வொரு தடவையும்னு சொல்ல முடியாது. ஆனா படுத்ததெல்லாம் அந்த மாதிரி நாள்லதான். அப்புறம் பெட்ரோல் ஊத்தினா சரியாயிடும்.”

“பெட்ரோல் தீர்ந்துபோயிருக்குமா?”

“எங்க தீர்ந்துச்சு! முக்கால் டேங்க் இருக்கும். பழக்கம், மனுஷன் ஊத்துவார். ஊத்தினதும் ஒரே இழுப்புல ஓடும்.”

“மருமகன் விழுந்த அன்னைக்கு ஏன் ஊத்தலை?”

“அன்னைக்குக் காலையிலதான் கழுத்து வரைக்கும் நிரப்பினாரு. இன்னும் எங்க போய் ஊத்துறது?”

நிதானம் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். ரேடியோ அவரை ஓரமாக இழுத்தான். “அத்தான், நீங்க துடைக்கிற துடைப்புல கண்ணாடி தேய்ஞ்சே போயிடும். என்னன்னு சொல்லுங்க.”

“பெட்ரோல் இருக்கும்போதே பெட்ரோல் ஊத்தினா சரியாகுதுன்னா, சரியாக்கினது பெட்ரோல் இல்ல மாப்ளே.”

“பின்னே?”

“ஊத்தணும்னா முதல்ல என்ன செய்யணும்?”

“மூடியைத் திறக்கணும்.”

“அதான்,” என்று சொல்லிவிட்டு அவர் படகை நோக்கி நடந்தார். ரேடியோவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோது கைவண்டியைத் தள்ளுவது என்று ஒரு வழக்கம் அவனுக்கு உண்டு.

* * *

படகுக்காரர் தன் படகுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார். அவர் இப்போதெல்லாம் சவாரி ஏற்றுவதில்லை. ஏறவும் யாரும் வருவதில்லை. ஆனாலும் தினமும் வந்து படகில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாராம். கைவண்டியில் மோட்டாரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உங்க பொண்ணு அனுப்பிச்சாங்க,” என்றார் நிதானம்.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். “குழந்தை நல்லா இருக்கா?” என்றுதான் முதலில் கேட்டார். கேட்டுவிட்டு, கேட்க உரிமையில்லாததைக் கேட்டுவிட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

“நல்லா இருக்கா. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்புறாங்க. நீங்க நடிக்கலை, மோட்டார்தான் ஏமாத்துச்சுன்னு தெரிஞ்சா போகமாட்டாங்க.”

“மோட்டார் ஸ்டார்ட் ஆகலை தம்பி.”

“ஏன் ஆகலை?”

அவர் வாளியை எடுத்துப் படகிலிருந்த தண்ணீரை இறைக்கத் தொடங்கினார். ரேடியோவுக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயைத் திறக்காமல் இருந்தால் பிறத்தியார் என்னதான் செய்ய முடியும்? அவன் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டு எதையும் சாதித்ததில்லை. ஆகவே அந்த மௌனம் அவனுக்குக் குற்றமாகவே பட்டது.

மோட்டாரைப் படகில் மாட்டி, டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பச் சொன்னார் நிதானம். சிவப்பு டேங்க். அதிலிருந்து கிளம்பும் குழாயின் நடுவில் முட்டை அளவில் ஒரு ரப்பர் பல்ப்; அதை அமுக்கினால் பெட்ரோல் மோட்டாருக்கு ஏறும். படகுக்காரர் மோட்டாரைத் தொடமாட்டேன் என்றார். ஆழம் தெரியாத இடம், வழிகாட்ட மட்டும் வாருங்கள் என்று நிதானம் கெஞ்சியதும் முன்பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஓட்டும் பொறுப்பு ரேடியோவின் தலையில் விழுந்தது. ஒரே இழுப்பு. ஓடியது.

கடைசியாக ஏறிய நிதானம் கால் தடுக்கி டேங்க்மேல் சாய்ந்தார். வாழ்க்கையில் எங்கேயும் தடுக்காத மனிதர் என்பதை ரேடியோ கவனித்திருக்க வேண்டும். அவனோ, நீச்சல் தெரியாத தன்னை இந்தத் தண்ணீரில் உட்காரவைத்ததற்கு அக்காவிடம் என்னென்ன சொல்லிக் கொடுப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

மிதவை வரைக்கும் நன்றாகப் போனது. மிதவையில் பாதி புதுப் பெயின்ட், பாதி பழைய துரு. அந்த வேலையை அதன்பிறகு யாரும் முடிக்கவில்லை போலிருக்கிறது. ரேடியோ அதையே பார்த்தான். அப்போது மோட்டார் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது.

“அத்தான்?”

“இழு.”

இழுத்தான். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. இன்னும் ஒரு தடவை. காலையில் சுண்டுவிரலுக்கு உறுமிய அதே மோட்டார் இப்போது செத்த இரும்பாகக் கிடந்தது. முகத்துவாரத்து நீரோட்டம் படகைப் பக்கவாட்டில் தூக்கி, அலை தடுக்கும் கற்சுவரைப் பார்த்து நகர்த்த ஆரம்பித்தது.

“வரமாட்டேங்குது அத்தான்!”

“இழு மாப்ளே.”

உள்ளங்கைத் தோல் உரிந்தது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. கரையில் ஆட்கள் எழுந்து நிற்பது தெரிந்தது. இப்படித்தான் அன்றைக்கும் எழுந்து நின்று பார்த்திருப்பார்கள் என்று நினைத்ததும் அவனுக்கு அழுகை முட்டியது. கையில் கயிறு, எதிரே தண்ணீர், இழுப்பதைத் தவிர வேறு எதுவும் தோன்றவில்லை. நடிப்பாம்! இதை நடிக்க முடியும் என்று சொன்னவன் எவனாவது ஒரு தடவை இங்கே வந்து உட்காரட்டும்.

கற்சுவரில் அலை மோதும் சத்தம் கேட்டது. முன்பக்கம் உட்கார்ந்திருந்தவர் அதுவரை திரும்பவில்லை. அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார். எழுந்து, ரேடியோவைத் தள்ளி, குனிந்தார். அவர் கை மோட்டாருக்குப் போகவில்லை. கயிற்றுக்கும் போகவில்லை. நேராக டேங்க் மூடிக்குப் போய், மூடியின் நடுவில் இருந்த சின்னத் திருகை இடப்பக்கம் சுழற்றியது.

உஸ்ஸென்று டேங்க் மூச்சு வாங்கியது. காலிப் பால் பாக்கெட் போலச் சப்பிக் கிடந்த ரப்பர் பல்ப் மெல்ல உப்பியது. அதை ஒரு அமுக்கு, கயிற்றை ஒரு இழுப்பு. மோட்டார் ஓடியது. கற்சுவர் விலகிப் போனது.

ரேடியோ உரிந்த உள்ளங்கையை ஊதிக்கொண்டான்.

“பெட்ரோல் வெளியே போகப்போக உள்ளே காத்து நுழையணும்,” என்றார் நிதானம் கடைசியில். “அதுக்குத்தான் அந்தத் திருகு. மூடியிருந்தா கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் டேங்க் பெட்ரோலை விடாது. கழுத்துவரை நிரப்பின டேங்க்குல உள்ளே காத்துக்கு இடமே இல்லாததால சீக்கிரமே படுத்துடும். நான்தான் ஏறும்போது மூடினேன். மன்னிச்சுக்குங்க. ஆனா உங்க கை நேரா அங்கதான் போச்சு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

படகுக்காரர் கைப்பிடியைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்தார். “அன்னைக்குத் தெரியாது தம்பி. அவன் கத்துறான், நான் இழுக்குறேன். கை கயிறை விட்டாத்தானே பல்பைத் தொட்டுப் பார்க்கும்? விடவே இல்ல. மறுநாள்தான் மூடியைத் திறந்தேன். இப்ப கேட்டீங்களே, அதே சத்தம்.”

“அப்பவே சொல்லியிருந்தா ஊர் வாயை மூடியிருக்குமே! ஏன் சொல்லலை?” என்றான் ரேடியோ.

“திருகை மூட மறந்துட்டு, இல்ல, திறக்க மறந்துட்டு…” அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. “நான்தான் மூடியிருப்பேன்.”

“இல்ல,” என்றார் நிதானம். “காலையில அக்கரைக்குப் போகும்போது ஓடியிருக்கு. திரும்பி வந்ததும் படுத்திருக்கு. நடுவழியில மூடறவர் இல்ல நீங்க.”

அப்போதுதான் ரேடியோவின் வாயில் பெட்ரோல் வாடை மறுபடி வந்தது. காலையில் பல்லால் கடித்த மூடி. எழுந்த கையோடு அதைத் திருகிவிட்டுப் போன விரல்கள்.

“அத்தான்,” என்றான். “அந்தப் பொண்ணு. கிளம்பும்போது பாட்டிலை மூடிட்டுப் போச்சே.”

படகுக்காரர் மோட்டாரை அணைத்தே விட்டார். படகு அமைதியான தண்ணீரில் ஆடியது.

“சின்ன வயசுலேர்ந்து அது அவ வேலை தம்பி,” என்றார். “படகு கரைக்கு வந்து நின்னதும் குதிக்குறதுக்கு முன்னாடி திருகை மூடணும், இல்லேன்னா பெட்ரோல் ஆவியாப் போயிடும்னு நான்தான் பழக்கினேன். அப்பெல்லாம் எங்கே ஏறினாளோ அங்கேயே வந்து இறங்குவா. கட்டிக்குடுத்த பிறகுதான் சவாரி மாதிரி அக்கரையில இறங்கினா. இறங்குற பழக்கத்துல மூடிட்டுப் போயிருக்கா. அவளுக்குக் கரை வந்துடுச்சு. நான் திரும்பி வரணும்னு அந்த விரலுக்கு எப்படித் தெரியும்? மூடினது அவளுக்கே தெரியாது.”

அவர் நிதானத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “நான் கொன்னேன்னு நினைச்சா என்னை வெறுப்பா. வெறுத்துட்டுப் போகட்டும், எங்கயாவது நல்லா இருப்பா. அவ கையாலதான்னு தெரிஞ்சா அந்தக் கையால எப்படிக் குழந்தையைத் தூக்குவா? சொல்லிடாதீங்க தம்பி.”

நிதானம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

* * *

இருவரும் மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். உண்மையைக் கண்டுபிடித்தால் ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும் என்று ரேடியோ எப்போதும் நினைத்திருந்தான். இப்போதோ எதையோ திருடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

“என்ன சொல்லப் போறீங்க?”

“தெரியலை மாப்ளே.”

அத்தான் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவன் கேட்டதே கிடையாது.

அவள் வந்தாள். குழந்தை விழித்திருந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு உட்காராமலே கேட்டாள். “அவரா, மோட்டாரா?”

அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாத ரேடியோ டைப்ரைட்டரிடம் தஞ்சம் புகுந்தான். பாட்டிலைத் திறந்து, பிரஷ்ஷை நனைத்து, சுத்தமாக இருந்த எழுத்துக்களையே திரும்பத் திரும்பத் தேய்த்தான்.

“உங்கப்பா நடிக்கலைம்மா,” என்றார் நிதானம். “சத்தியமா நடிக்கலை. நாங்களே அந்தப் படகுல போய்ப் பார்த்துட்டோம். இவன் கையைப் பாரு.”

ரேடியோ உரிந்த உள்ளங்கையைக் காட்டினான்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாக அடக்கிவைத்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. “அப்போ என்ன ஆச்சு? மோட்டார்லதான் ஒண்ணுமே இல்லேன்னாங்களே?”

“மோட்டார்ல இல்ல. டேங்க்குல. பழைய டேங்க். அடைப்பு. உப்புக்காத்துல தானா அடைச்சுக்கும், தானா விட்டுடும். அது யார் குத்தமும் இல்ல.”

நிதானம் இவ்வளவு வேகமாகப் பேசி ரேடியோ கேட்டதில்லை. பொய்யிலும் முதல் தரமான பொய். அவள் நம்பிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட்டாள். “நான் இப்பவே அப்பாகிட்ட போறேன் சார்.”

ரேடியோவுக்கு உயிர் வந்தது. முடிந்தது; எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மாடிப்படிவரை கொண்டுபோய் விடலாம் என்று பையைத் தூக்கினான்.

அவள் கிளம்பினாள். கிளம்பிய கையோடு மேஜைமேல் இருந்த மூடியை எடுத்துப் பாட்டிலில் வைத்துத் திருகினாள்.

பாட்டிலைத் திறந்துவைத்தது தன் கை என்று ரேடியோவுக்கு உறைத்தபோது நேரம் கடந்துவிட்டது. தடுக்க வாயெடுத்தான். வாழ்நாள் முழுக்கச் சும்மா இருக்காத வாய், அப்போது பார்த்துத் திறக்கவில்லை.

பாதித் திருகில் அவள் விரல்கள் நின்றன. அவள் பாட்டிலைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். டேங்க், அடைப்பு, யார் குத்தமும் இல்ல என்று உதடுகள் தானாக அசைந்தன. பிறகு மூடியை மெல்ல, எதிர்ப்பக்கம் சுழற்றித் திறந்து, மேஜைமேல் வைத்தாள்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

நிதானம் ஜன்னலைப் பார்த்தார். அவள் ரேடியோவின் பக்கம் திரும்பினாள். அவனால் அந்தக் கண்களிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. தலையசைத்தான்.

“எப்போலேர்ந்து?”

“மறுநாள்லேர்ந்து,” என்றான்.

அவள் கத்தவில்லை. அழவும் இல்லை. குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். பை இவன் கையிலேயே இருந்தது. “போ மாப்ளே, பின்னாலேயே போ,” என்றார் நிதானம். போய் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

துறையில் படகுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று படகைக் கழுவிக்கொண்டிருந்தார். மகள் ஓடிவருவதைப் பார்த்து முதலில் அவர் முகம் மலர்ந்தது. அருகில் வந்ததும் அவள் முகத்தைப் படித்துவிட்டார். கையிலிருந்த வாளி நழுவித் தண்ணீரில் மிதந்து போனது. அவள் கரையோரம் நின்று தன் வலக்கையை அவரிடம் நீட்டிக் காட்டினாள், உடைந்த சாமானைக் காட்டுகிற மாதிரி.

கை நீட்ட மாட்டேன் என்று அதே துறையில் கத்தியவர், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “நான் பழக்கினதும்மா,” என்றார். “நான் பழக்கினதுதானேம்மா.” அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். ஊர் தூணோரம் நின்று பார்த்தது. ஒருவருக்கும் எதுவும் விளங்கவில்லை.

ரேடியோ சற்றுத் தள்ளி, தண்ணீரில் கால் நனைய நின்றான். பையைப் படகில் வைப்பதா, கரையில் வைப்பதா, திருப்பிக் கொண்டுபோவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. நனையாமல் இருக்கட்டும் என்று அதைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டான்.